கொக்கு பங்களாவின் கேடயம்

வேப்பேரி, சென்னை
1935 மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதி வெகு நாளாகிவிட்டது. வையாதே. வைவதாக இருந்தாலும் இதை முழுக்கப் படித்துவிட்டு வை.

நம் பங்களா வாசலுக்கு மேலே தேக்குப் பலகையில் செதுக்கியிருக்கிறதே, அப்பாவின் குடும்பச் சின்னமான அந்தக் கேடயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீலத் தரையில் ஒற்றைக் காலில் நிற்கிற வெள்ளிக் கொக்கு, தலைக்கு மேலே மூன்று நட்சத்திரம், சுற்றிலும் பொன் விளிம்பு, அடியில் லத்தீன் எழுத்து. குற்றாலத்துக்காரர்களுக்கு அது ‘கொக்கு பங்களா’ என்று பெயர் வைக்க மட்டும்தான் உதவியது. எனக்கு அப்படியில்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அதை விளக்கினார். கொக்கு, தூங்காமல் காவல் நிற்பதற்கு அடையாளம். நட்சத்திரங்கள், புயலில் வழி தப்பாமல் கரை சேர்ந்த மூன்று முன்னோர்கள். லத்தீன் எழுத்துக்கு அர்த்தம், ‘கைவிடேன்’. பொன் விளிம்பு, அவர் ஸ்காட்லாந்து டன்ராக் வீட்டின் இரண்டாவது மகன் என்பதற்கு. “எங்க அண்ணனோடதுல விளிம்பு கிடையாது, ஆண்டி” என்றார். எனக்கு அவர் வைத்த ஆண்ட்ரூ என்ற பெயரைச் சுருக்கி ஆண்டி என்று கூப்பிடுவார். கிராம்பு பறிக்க வந்தவர்கள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “எனக்கும் இது உண்டா?” என்று கேட்டேன். அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா, இந்த அச்சுக்கூடத்தில் நான் நாள் முழுக்க மற்றவர்களுடைய கேடயங்களைச் செப்புத் தகட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஜமீன்தார்கள், கிளப்புகள், நீலகிரித் தோட்டக்காரர்கள். போன வாரம் ஸ்காட்லாந்துக்காரரான ஒரு கிழட்டு வக்கீல் தம்முடையதை வெட்டக் கொடுக்க வந்தார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அவர்கள் நாட்டில் கேடயம் குடும்பத்துக்குப் பொதுச்சொத்து இல்லையாம். ஒரு கேடயத்துக்கு ஒரே ஆள்தான் உரியவன். அவனுக்குப் பிறகு முறையான மூத்த மகனுக்குப் போகும். இதற்கென்றே எடின்பரோவில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அப்பாவுக்கு முறையான பிள்ளை இல்லாவிட்டால் அந்தப் பொன் விளிம்புக் கேடயம் அவரோடு முடிந்துவிடும்.

ஆனால் இதையும் சொன்னார்: பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளைகள் முறையான பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். எத்தனை வருஷம் கழித்தானாலும் சரி.

அப்பா கட்டையாகக் கிடக்கிறார் என்று நீதான் எழுதியிருந்தாய். பேச்சு இருக்கிறதல்லவா? அவரிடம் சொல். அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல். எனக்காக மட்டுமில்லை, உனக்காகவும்.

உன் தம்பி,
ஆதித்தன்


குற்றாலம்
1935 மார்ச் 14

தம்பி ஆதித்தனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதத்தில் எத்தனை ‘அப்பா’! ஒன்பது வயதில் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நீ. அப்புறம் இரண்டு முறைதான் வந்திருக்கிறாய். வாயிலிருந்து வழிகிற எச்சிலைத் துடைக்கிற நான் அவரை இன்றுவரை துரை என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு பெயர் வாயில் வரவில்லை. அவரும் கேட்டதில்லை.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் எனக்கும் அம்மாவுக்கும் புரியும். தோட்டம் முன்பே கம்பெனிக்குப் போய்விட்டது. அவர் கண் மூடும்வரை பங்களாவில் இருக்க விட்டிருக்கிறார்கள். நாங்கள் பழையபடி பின்கட்டு வீட்டில்தான் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து மடிக்கப் போனேன்.

“அப்படிச் செஞ்சா ஆண்டிக்கு அது கிடைச்சிருமா?” என்றார்.

“கிடைக்கும்னுதான் எழுதியிருக்கான்.”

“உலகம்மையக் கூப்பிடு.”

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

“உலகு, நாம கல்யாணம் பண்ணிக்கிடுவோமா?”

“இப்பமா?” என்றாள் அம்மா.

“இப்பந்தான்.”

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். வெகு நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. “அவரு கேட்டுட்டாரு” என்று மட்டும் சொன்னாள்.

உனக்காக மட்டுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் தங்கசாமியின் வீட்டார் என்னைக் கேட்டு வந்தார்கள். “பொண்ணுக்குத் தகப்பன் பேரு என்னன்னு போடுவாக?” என்று அவர் தகப்பனார் கேட்டதோடு பேச்சு நிற்கிறது. எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. எனக்கும் அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை நீ மறந்துவிட்டாயா, இல்லை மறந்தமாதிரி இருக்கிறாயா? அம்மாவைப் பன்னிரண்டு வயதில் வீரகேரளம்புதூர் சொரிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்; வருஷக்கணக்காகத் தகவல் இல்லாமல் போகவேதான் அம்மா இங்கே கிராம்பு பறிக்க வந்தாள். அதற்கப்புறம் துரை, நான், நீ. அந்த மனிதர் செத்து ஆறு வருஷம்தான் ஆகிறது. நாம் பிறந்தபோது அவர் உயிரோடு இருந்தார். உன் வக்கீலிடம் இதைச் சொன்னாயா?

தங்கத்தாய்


வேப்பேரி, சென்னை
1935 மார்ச் 25

அன்புள்ள அக்கா,

அப்பா சம்மதித்தார் என்று படித்ததும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் நடந்தேன். எங்கே போனேன் என்று தெரியாது.

நீ கேட்டதை வக்கீலிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். தாய்க்கு அப்போது புருஷன் இருந்திருந்தால் பலிக்காதாம். பிள்ளை உண்டான காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிறகு நூறு தடவை கல்யாணம் செய்தாலும் பிள்ளைகள் பழையபடிதான்.

ஆகையால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கல்யாணத்தின்போது பாதிரியார், பெண் மணமாகாதவளா விதவையா என்று கேட்பார். அம்மா ‘மணமாகாதவள்’ என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் கயிறு கட்டியதை யார் எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? சொரிமுத்து செத்துப்போனார். அவருக்கு இதனால் என்ன குறைந்துவிடப்போகிறது? உயிரோடிருக்கிற நம் இரண்டு பேருக்கும் இது வாழ்க்கை.

அம்மாவுக்கு நீ சொன்னால் புரியும். தினம் ஒரு தரம் சொல்லிக் கொடு. பழக்கப்படுத்து.

ஆதித்தன்


குற்றாலம்
1935 ஜூன் 19

தம்பிக்கு,

கல்யாணம் திங்கட்கிழமை நடந்தது. இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ சொன்னபடி சொல்லிக் கொடுத்தேன். காய் நறுக்கும்போதும், துரைக்குப் படுக்கை மாற்றும்போதும். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் சரியென்றே எடுத்துக்கொண்டேன்.

தென்காசியிலிருந்து பாதிரியார் குதிரை வண்டியில் நனைந்துகொண்டே வந்தார். சாரல் காலம் தொடங்கிவிட்டதால் அருவிக்கரை முழுக்கக் கூட்டம். வண்டி வந்து சேர நேரமாகிவிட்டது. துரைக்குப் பழைய கறுப்புக் கோட்டை மாட்டி, நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தோம். அம்மா அரக்குச் சேலை கட்டியிருந்தாள். சாட்சிக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் தங்கசாமியும் வந்திருந்தார்கள்.

பாதிரியார் துரையைக் கேட்டார். “பிரமச்சாரி” என்றார். அம்மாவைப் பார்த்து, “நீ மணமாகாதவளா, விதவையாம்மா?” என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து, “அறுத்தவ” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, “வீரகேரளம்புதூர் சொரிமுத்துக்கு வாக்கப்பட்டவ நான். அவுக தவறி ஆறு வருசமாகுது” என்று தெளிவாகச் சொன்னாள். பாதிரியார் துரையைப் பார்த்தார். துரை, “அவ சொல்லுதது சரிதான்” என்றார். கணக்கப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார். இனி யாரும் மாற்ற முடியாது. மோதிரம் மாற்றினார்கள். அவர் விரல் மடங்காததால் அம்மாவே அவருக்குப் போட்டுவிட்டாள்.

வந்தவர்கள் போனதும் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்.

“ஏம்மா இப்படிப் பண்ணுன? ஒரு வார்த்தைதானே?”

“ஏட்டி, நீ கைப்பிள்ளையா இருக்கையில அந்த மனுசன் இலங்கையிலேருந்து வந்து நம்ம கேட்டுல நின்னாரு. நான் ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கேன். வெட்டப்போறாருன்னு நெனச்சேன். ஒரு ஏச்சு ஏசல. ஒன் கன்னத்தத் தொட்டுட்டு, ‘நல்லா இரு உலகம்மை’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் வேற கட்டவும் இல்ல. அவுக ஆளே இல்லன்னு சாமி முன்னால நின்னு சொல்லச் சொல்லுதியா?”

“நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோமே!”

“தெரியும்” என்றாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஆதித்தா, அவள்மேல் கோபப்பட எனக்கும் ஆசையாக இருக்கிறது. முடியவில்லை. உன்னாலும் முடியாமல் போகட்டும்.

தங்கத்தாய்


வேப்பேரி, சென்னை
1935 ஜூன் 24

அக்கா,

அந்த மனிதர் உன் கன்னத்தைத் தொட்டார். என்னைத் தொடவில்லை. அவருக்கு நான் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் என்னைப் பார்த்து, உன் தாய் யார் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறேன். இந்த ஒரு தடவை அவள் எனக்காகப் பதில் சொல்லாமல் நின்றிருக்கலாம். பெற்ற பிள்ளையைவிடச் செத்த புருஷனின் பெயர் பெரிதென்று அவளுக்கு இருந்தால், அவள் அவரோடேயே இருக்கட்டும்.

இனி அம்மா பேரைச் சொல்லி எனக்கு எழுதாதே.

ஆண்ட்ரூ


குற்றாலம்
1935 அக்டோபர் 30

தம்பிக்கு,

துரை போன வெள்ளிக்கிழமை காலமானார். தந்தி கொடுத்தேன், நீ வரவில்லை. தந்தி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் சொல்லிக்கொள்.

கடைசி வாரம் பேச்சும் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒருநாள், “ஆண்டிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு” என்றார். என்ன கேட்டதாகச் சொல்வது என்று கேட்டேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். மலையில் வெள்ளைக்காரர்களுக்கான கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

கம்பெனியின் புது மேனேஜர் வந்துவிட்டார். ஓடு மாற்றும்போது கேடயத்தையும் கழற்றினார்கள். உனக்கு அனுப்பலாம் என்று கேட்கப் போனேன். முந்தின நாளே வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது என்றான் சமையல்காரன். “கரையான் அரிச்ச பலகைதானே, உங்களுக்கு வேணும்னு தெரியாதேம்மா” என்று வருத்தப்பட்டான்.

தங்கசாமியின் வீட்டார் ஆய்க்குடியில் பெண் எடுத்துவிட்டார்கள். தங்கசாமி அம்மாவின் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர். அம்மா ‘அறுத்தவ’ என்றதை அவரும்தானே கேட்டார். என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வந்தார். “எங்கய்யா சொல்லத் தட்ட முடியல” என்றார். காப்பி கொடுத்தேன்; குடித்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. அவள் பேரைச் சொல்லி எழுதாதே என்றாய். இந்த ஒரு வரியை மன்னித்துவிடு. ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

தங்கத்தாய்


வேப்பேரி, சென்னை
1936 மார்ச் 2

அன்புள்ள அக்கா,

தந்தி கிடைத்தது. ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். செங்கோட்டை வண்டி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். ஏன் ஏறவில்லை என்று என்னால் எழுத முடியவில்லை.

போகட்டும். இதைக் கேள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி எடின்பரோ நீதிமன்றத்துக்குக் கடிதம் போட்டிருந்தேன். மரியாதையாகப் பதில் வந்திருக்கிறது. எனக்கு உரிமை இல்லை. உனக்கும் இல்லை. பொன் விளிம்புக் கேடயம் அப்பாவோடு, ஜான் டன்ராக்கோடு, முடிந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது கையெழுத்துப் போட்டு என்னை மகன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், கேடயத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளியும் மாறி மாறி வரும் விளிம்போடு கேட்டிருக்கலாமாம். விஷயம் தெரிந்தவர்கள் அந்த விளிம்பைப் பார்த்ததுமே, முறை தவறிப் பிறந்தவன் என்று படித்துக்கொள்வார்கள். அதற்கும் இனி வழியில்லை.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் முறைப்படி நடந்திருக்கிறது. ஆகையால் அவருடைய விதவை, உயிரோடு இருக்கும்வரை அவர் கேடயத்தை வைத்துக்கொள்ளலாம். ஆண்பிள்ளைகள் வைக்கும் கேடய வடிவில் இல்லை, சாய்சதுரத்துக்குள். பெண்களுக்கு அப்படித்தானாம்.

அக்கா, அதை நான் மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இந்த உலகத்தில் அந்தக் கொக்குக்கு உரியவள் அம்மா ஒருத்திதான். பொய் சொல்லியிருந்தால் என்னிடம் இருந்திருக்கும், ஒருநாள் எவனாவது வந்து பிடுங்கியிருப்பான். அவளுடையதை யாரும் பிடுங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து செப்புத் தகட்டில் வெட்டினேன். கெட்டித் தாளில் எடுத்த பிரதி இதோடு இருக்கிறது. அம்மாவிடம் கொடு. இது என்ன என்று கேட்பாள். உன்னுடையது என்று சொல். நான் சித்திரை விடுமுறைக்கு வருகிறேன் என்றும் சொல்.

உன் தம்பி,
ஆதித்தன்


குற்றாலம்
1936 மார்ச் 11

ஆதித்தா,

உன் கடிதம் வந்தது. படத்தைப் பார்த்தேன். கொக்கின் கால் நகம் வரை வெட்டியிருக்கிறாய். இவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவன் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பிப்ரவரி கடைசியில் போய்விட்டாள். நீ கடிதம் எழுதிய அன்று அவளைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. தந்தி கொடுக்கவில்லை. இன்னொரு முறை வண்டியை எதிர்பார்த்துத் தென்காசி ஸ்டேஷனில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

எங்கே புதைத்தோம் என்று கேட்பாய். வீரகேரளம்புதூருக்கு, அம்மாவின் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பினேன். முப்பது வருஷம் துரையோடு இருந்தபோதெல்லாம் நல்லது கெட்டதுக்குச் சத்தமில்லாமல் வந்துபோன சனங்கள்தான். “சும்மா இருந்திருந்தா எங்க பிள்ளைன்னு எடுத்துப் போட்டிருப்போம். பாதிரியார் முன்னால மோதிரம் மாத்திக்கிட்டாள்லா, இனிமே அவுக சாதி வேற” என்று சொல்லி அனுப்பினார்கள். தென்காசிப் பாதிரியார் வந்து அழுதார். ஞானஸ்நானம் வாங்காதவளுக்குக் கல்லறையில் இடம் கொடுக்கக் கமிட்டியார் சம்மதிக்கவில்லை என்றார். பங்களாவுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். மலைக் கல்லறையில் துரைக்குப் பக்கத்தில் இடம் கேட்டதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பொழுது ஏற ஏற எனக்குப் பயம் வந்துவிட்டது.

அம்மாவோடு கிராம்பு பறித்த ரெங்கம்மாள் தன் வீட்டு ஆண்பிள்ளைகளை அழைத்து வந்தாள். சிற்றாற்றுக் கரையில், யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கில் குழி வெட்டினார்கள். ஒப்பாரி வைக்கவும் ஜெபம் சொல்லவும் ஆளில்லை. ரெங்கம்மாள் மட்டும், “போயிட்டு வா தாயி” என்றாள். ஜூனில் ஆறு பெருகும். அங்கே கல் வைக்க முடியாது, வைத்தாலும் நிற்காது.

உயிரோடு இருக்கும்வரை என்று எழுதியிருந்தாயே, அப்படியென்றால் அந்தப் படம் இப்போது யாருக்கும் உரியதில்லை, இல்லையா? உனக்கே திருப்பி அனுப்புகிறேன். சித்திரைக்கு வர வேண்டாம். பின்கட்டு வீட்டை இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வந்தால் நீ உட்கார இடமில்லை.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை கிடைத்திருக்கிறது. நேற்று போய் வந்தேன். வயதான குமாஸ்தா ஒருவர் பெயர் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். “தகப்பனார் பேரு?” என்றார். “அம்மா பேரு உலகம்மை” என்றேன். “அது தேவையில்லம்மா, தகப்பனார் பேரு” என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு சற்றுக் காத்திருந்தார். பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தங்கத்தாய்